நாய் வண்டியின் கதையும் நான் வாங்கிய பழைய காரும்

பதிவு கொஞ்சம் நீளம். முப்பத்து மூன்று வருடம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்குச் சுருக்கமாகப் பேச வராது என்று பழைய மாணவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"டீச்சர், கார் வாங்கிட்டீங்களாமே! நாலு நாயையும் ஏத்திக்கிட்டுப் போறீங்களாமே!" என்று ஒரு மாதமாக ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். சிலர், "நமக்கும் ரெண்டு நாய் இருக்கு, எந்த வண்டி வாங்கலாம்?" என்று உண்மையாகவே கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இந்தப் பதில்.

போன வருடம் ஐப்பசி மழையில் எங்கள் மணியைப் பாம்பு கடித்தது. இரவு பத்து மணி இருக்கும். பள்ளிக்கூட வாசலில் சத்துணவு மிச்சம் தின்று வளர்ந்து, நான் ஓய்வு பெற்ற அன்று என் பின்னாலேயே வீட்டுக்கு வந்த நாய் அது. நான்கு ஆட்டோக்காரர்களுக்குப் போன் செய்தோம். ஒருவர் வந்தார். நாயைப் பார்த்ததும், "சீட் கெட்டுடும்மா, காலையில பிள்ளைகள ஸ்கூலுக்கு ஏத்தணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது அவருடைய சோறு. போர்வையில் சுற்றி என் மடியில் வைத்துக்கொள்ள, எங்கள் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ஓட்டினார். பாதி வழியில் மணி அடங்கிவிட்டது.

மிச்சம் நான்கு பேர். செவலை, வெள்ளச்சி, குட்டி, அப்புறம் துரை. துரை ராஜபாளையம் கலப்பு. யாரோ ஆசைக்கு வாங்கி, வளர்ந்ததும் பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போனது. நின்றால் என் இடுப்பைத் தாண்டும். செவலைக்கு வயது பன்னிரண்டு. பின்னங்கால் இரண்டும் தளர்ந்துவிட்டன. இனி ஒரு ராத்திரி அப்படி நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினேன். புது காருக்குப் பற்றாது. பழைய கார்தான்.

"கார்னா நாலு பேர் மதிக்கிற மாதிரி டிக்கி வச்ச கார் வாங்கும்மா. நாய்க்காகவா காரு?" என்றார் வீட்டுக்காரர். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வழக்கம்போல் வரலாற்றுப் பக்கம் போனேன்.

போனதும் முதல் ஆச்சரியம். நாய்க்காகவே வண்டி செய்திருக்கிறார்கள்! கார் பிறப்பதற்கு முன்பே.

நாய் வண்டி

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'டாக் கார்ட்' என்றொரு குதிரை வண்டி இருந்தது. பெயரே நாய் வண்டிதான். நாய் இழுக்கும் வண்டி அல்ல, நாயை ஏற்றும் வண்டி. துப்பாக்கி வேட்டைக்குப் போகும் கனவான்கள், மோப்ப நாய்களைக் கொண்டுபோக ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி வைத்துக் கட்டினார்கள். பெட்டியின் பக்கங்களில் ஜன்னல் சட்டம் போல் சாய்வான பலகைகள், இடைவெளி விட்டு. நாய்க்கு மூச்சு முட்டக் கூடாது என்பதற்காக. பின்னால் ஒரு பலகைக் கதவு. இறக்கினால் நாய் நேராக உள்ளே போகும்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் படித்தவர்களுக்கு இந்த வண்டி பழக்கம். சட்டைக் கையில் சேறு தெறித்திருப்பதைப் பார்த்தே, 'நீங்கள் டாக் கார்ட்டில் வந்தீர்கள்' என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பாரே, அந்த வண்டிதான். வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். இங்கே அதற்கு 'டம்டம்' என்று பெயர்.

அந்த மரப்பெட்டியில் மூன்று விஷயம் இருந்தது. காற்று, தாழ்வாகத் திறக்கும் பின்கதவு, நாய்க்கென்று தனி இடம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த எல்லா வண்டியையும் இந்த மூன்றால்தான் நான் அளந்தேன்.

வேட்டைக் கூட்டம் பெரிதானபோது 'ஷூட்டிங் பிரேக்' வந்தது. ஆள், துப்பாக்கி, நாய், சுட்ட பறவை எல்லாம் ஒரே வண்டியில். மோட்டார் வந்த பிறகும் அந்தப் பெயர் நிலைத்தது. பின்பக்கம் நீண்டு பெட்டி போல் இருக்கும் காரை இங்கிலாந்தில் ஷூட்டிங் பிரேக் என்றார்கள்.

பழைய கார், பட் என்ற நாய்

1903ஆம் ஆண்டு. நம் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி சைதாப்பேட்டையில் தொடங்கிய அதே வருடம். அமெரிக்காவில் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர், காரிலேயே நாட்டைக் குறுக்கே கடந்து காட்டுகிறேன் என்று 50 டாலர் பந்தயம் கட்டினார். அதற்காக அவர் வாங்கியது ஒரு வின்டன் கார். புதியது அல்ல, ஏற்கெனவே ஓடிய கார்!

மே 23ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சோவல் கிராக்கர் என்ற மெக்கானிக்குடன் கிளம்பினார். வழியில் ஐடஹோவில் 'பட்' என்ற புல்டாக் ஒன்று கூட்டுச் சேர்ந்தது. அந்தக் காரில் கூரை கிடையாது, முன்கண்ணாடியும் கிடையாது. மண் சாலை. தூசி அடித்து நாயின் கண் சிவந்துபோக, மனிதர்கள் போட்டிருந்த மாதிரியே அதற்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்கள். ஜூலை 26ஆம் தேதி மூவரும் நியூயார்க் சேர்ந்தார்கள். அமெரிக்காவைக் காரில் கடந்த முதல் பயணம் அதுதான். முதல் நாயும் பட்தான். அந்தக் கார் இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "பாருங்க, பழைய காரும் நாயும் நூத்தி இருபது வருஷத்துச் சொந்தம்" என்றேன். "அவன் டாக்டரு, பந்தயத்துக்குப் போனான்" என்றார். விடுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போன வண்டி

அமெரிக்காவில் ரயில் நிலையத்திலிருந்து ஆட்களையும் பெட்டி படுக்கைகளையும் விடுதிக்கு ஏற்றிப் போக ஒரு வண்டி தேவைப்பட்டது. கார் அடிச்சட்டத்தின் மேல் தச்சர்கள் மரத்தால் நீளமான கூடு கட்டினார்கள். ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி, அதனால் 'ஸ்டேஷன் வேகன்'. 1929இல் ஃபோர்டு கம்பெனி தன் மாடல் ஏ காரிலேயே அதைச் செய்து விற்கத் தொடங்கியது. மரக்கூடு வெயிலில் விரியும், மழையில் ஊதும், வருடாவருடம் வார்னிஷ் அடிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரும்புக் கூடு பரவிய பின்தான் அது சாதாரணக் குடும்பத்து வண்டி ஆனது.

சுவீடனில் வால்வோ கம்பெனி 1953இல் 'டூயட்' என்று ஒரு வண்டி விட்டது. ஏன் அந்தப் பெயர்? ஒரே வண்டியில் இரண்டு வண்டி. வாரநாளில் கடைச் சரக்கு, ஞாயிற்றுக்கிழமை குடும்பம். அதன் வழிவந்த நீள வால்வோக்களில் பின்னால் நாய் உட்கார்ந்திருப்பது ஐரோப்பாவில் வாடிக்கையான காட்சி.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. டாக் கார்ட்டுக்குப் பிறகு, நாய்க்கு வசதியான வண்டிகள் பெரும்பாலும் நாயை நினைத்துச் செய்தவை அல்ல. மூட்டையை நினைத்துச் செய்தவை. மூட்டைக்கு வேண்டியது சமமான தரை, அகலமான வாய், தாழ்வான படி. நாய்க்கும் அதேதான்.

நம்மூரில் டிக்கி வந்த கதை

'டிக்கி' என்று நாம் சொல்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? குதிரை வண்டியில் வேலைக்காரர் உட்கார வண்டிக்குப் பின்னால் வெளியே ஒரு இருக்கை இருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் 'டிக்கி'. பிறகு கார்களில் பின்னால் மடித்துத் திறக்கும் இருக்கை. பிறகு அந்த இடம் பெட்டி வைக்கும் இடமானது. இந்தியாவில் பழைய பெயரே நின்றுவிட்டது. ஆக, டிக்கி என்பது உள்ளே சேர்க்கப்படாதவர்களின் இடம். மூடினால் காற்றும் இல்லை. டிக்கி வைத்த கார் மதிப்பான கார் என்று என் வீட்டுக்காரர் சொன்னது இதனால்தானோ என்னவோ. எஜமானும் மூட்டையும் வேறு வேறு அறையில்.

1950களின் கடைசியில் வந்த அம்பாசடர் அப்படிப்பட்ட கார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அச்சில் வங்காளத்தின் உத்தரபாராவில் செய்தார்கள். உயரமான கூரை, சோபா மாதிரி சீட். கல்யாணத்துக்குப் பத்துப் பேர் ஏறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் நாய்க்கு? பின்சீட்டில் ஏற்றினால் பிரேக் அடித்ததும் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் விழும். நம் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பம்பாயில் செய்த பியட்டும் இதே குடும்பம்தான். பெரிய குடும்பம், சிறிய கார், தனி டிக்கி.

இடம் வேண்டியவர்கள் ஜீப்புக்கோ மெட்டடார் வேனுக்கோ போனார்கள். எங்கள் கல்விச் சுற்றுலாவெல்லாம் மெட்டடாரில்தான். 'வேன்' என்ற சொல்லே 'கேரவன்' என்பதன் வால்துண்டு. பாலைவனத்தில் ஒட்டகக் கூட்டமாகப் போவார்களே, அந்த கேரவன்.

1984 இறுதியில் மாருதி வேன் வந்தது. அதே சமயத்தில்தான் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியின் மினிவேனும் பிரான்சில் ரெனோ எஸ்பாஸும் வந்தன. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் குடும்பங்கள் பெட்டி வடிவ வண்டியைத் தேடியிருக்கின்றன. நமக்குக் கிடைத்தது 796 சிசி எஞ்சின். அதையும் முன்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அதனால் முன்னால் மூக்கே இல்லை. மொத்த நீளமும் இடத்துக்கே. பக்கக் கதவு தள்ளித் திறக்கும். 1988இல் 'ஆம்னி' என்று பெயர் மாறியது. பள்ளிப் பிள்ளைகள், பால் கேன், பூ மூட்டை, ஆம்புலன்ஸ், சினிமாவில் ஆள் கடத்தல் எல்லாவற்றுக்கும் அதுதான். நாய்க்கும் அருமையான தரை. ஆனால் மூக்கு இல்லாத வண்டியில் மோதினால் முதலில் நசுங்குவது ஓட்டுபவர் கால். புதிய பாதுகாப்பு விதிகள் வந்தபோது அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் 2019இல் ஆம்னி நின்றது.

1994இல் டாடா சுமோ. சுமோ மல்யுத்தத்துக்கு வைத்த பெயர் அல்ல அது. கம்பெனியை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து எடுத்தது. பின்னால் எதிரெதிர் பெஞ்ச் போட்டிருப்பார்கள். மடித்தால் நல்ல இடம். ஆனால் தரை ரொம்ப உயரம். செவலையைத் தூக்கி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். 2000இல் டொயோட்டா குவாலிஸ். அதன் மூலம் இந்தோனேசியாவின் 'கிஜாங்'. அந்த மொழியில் மான் என்று அர்த்தம். 2005இல் இன்னோவா. இவையெல்லாம் வாடகைக்கு ஓடிப் பெயர் வாங்கிய வண்டிகள். அந்தப் பெயரே பழைய வண்டி வாங்குபவருக்கு எச்சரிக்கை, அதற்குப் பிறகு வருகிறேன்.

2001இல் மாருதி 'வெர்சா' என்று ஒரு உயரமான வேனை விட்டது. அமிதாப் பச்சனும் அபிஷேக்கும் விளம்பரத்தில் வந்தார்கள். சொகுசு வண்டி என்று சொல்லி விற்றார்கள், போகவில்லை. அதே கூட்டைச் சொகுசெல்லாம் உரித்துவிட்டு 2010இல் 'ஈக்கோ' என்று விட்டார்கள், ஓடியது! நம் மக்கள் வேனிடம் எதிர்பார்த்தது வேனாக இருப்பதைத்தான்.

நாலு மீட்டர் ஸ்கேல்

இன்னொரு கதை பலருக்குத் தெரியாது. காரின் இடத்தைப் பொறியாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை. வரி போடுபவரும் தீர்மானிக்கிறார்.

ஜப்பானில் சிறிய காருக்கு வரிச்சலுகை உண்டு. நீளமும் அகலமும் எஞ்சினும் இவ்வளவுக்குள் என்று விதி. நீளத்தைக் கூட்ட முடியாது, அகலத்தைக் கூட்ட முடியாது. என்ன செய்வார்கள்? உயரத்தைக் கூட்டினார்கள். 1993இல் சுஸுகி வேகன் ஆர் அப்படித்தான் பிறந்தது. 1999 டிசம்பரில் இங்கே வந்தது. நின்றவாக்கில் போக நினைக்கும் நாய்க்கு அந்த உயரம் வரம். ஒன்றிரண்டு நாய் வைத்திருப்பவர்கள் பழைய வேகன் ஆரைத் தாராளமாகப் பார்க்கலாம்.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு பட்ஜெட்டில், நிதியமைச்சர் ப.சிதம்பரம், சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால் என்ன? நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள். பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள். அவ்வளவுதான், கம்பெனிகள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டன! டாடா இண்டிகோவின் வாலை வெட்டி 2008இல் இண்டிகோ சிஎஸ். மாருதி டிசையரின் வாலை 2012இல் வெட்டினார்கள். ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்த நாலு மீட்டர் கோடு இருக்கிறது. எங்கே வெட்டினார்கள்? முன்சீட்டிலா? இல்லை. டிக்கியில். நாயும் மூட்டையும் போகிற இடத்தில். 2006க்குப் பிறகு செய்த, நாலு மீட்டருக்குள் அடங்கும் டிக்கிக் காரைப் பழையதாக வாங்குபவர், அந்தப் பட்ஜெட்டின் அடையாளத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

அதே 2012இல் மாருதி எர்டிகா வந்தது. நாலு மீட்டர் கோட்டைத் தாண்டிய வண்டி. மூன்று வரிசை. கடைசி வரிசையை மடித்தால் நீளமான தரை. நடுவரிசைக்குக் கூரையிலிருந்தே ஏ.சி. காற்று. டாக் கார்ட்டின் சாய்வுப் பலகை ஞாபகம் வருகிறதா?

வண்டிக்கு இரண்டு வரலாறு

இவ்வளவும் படித்துவிட்டு, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இப்போது ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பியிடம் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "டீச்சர், நீங்க சொன்னதெல்லாம் அந்த ஜாதி வண்டியோட வரலாறு. நாம வாங்கப்போறது ஒரு வண்டி. அதுக்குன்னு தனி வரலாறு இருக்கு. அது யார் வீட்ல, என்ன வேலைக்கு ஓடுச்சுன்னு பாக்கணும்."

மாணவர் ஆசிரியருக்குப் பாடம் எடுத்த நாள் அது. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் அதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கு இரண்டு வரலாறு. முதலாவது புத்தகத்தில் இருக்கிறது, இரண்டாவது வண்டியிலேயே எழுதியிருக்கிறது.

அதை எப்படி வாசிப்பது? அவர் காட்டினார். மீட்டர் 45,000 கிலோமீட்டர் என்கிறது. ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. எதை நம்புவது? ரப்பரைத்தான். மீட்டரைத் திருப்ப முடியும், ரப்பரை யாரும் திருப்புவதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3216 என்றால் 2016ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி இருக்கிறதா, எப்போதாவது வாடகை வண்டியாக இருந்து மாறியதா என்று பார்க்க வேண்டும். கடன் இருந்திருந்தால் அடைத்ததற்குப் படிவம் 35. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. 'கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், அப்புறம் மாத்திக்குங்க' என்பதை ஏற்காதீர்கள்.

மூன்று வண்டி பார்த்தோம்.

முதலாவது ஈக்கோ. ஐந்து சீட். தரையும் கதவும் நாய்க்கென்றே செய்தது போல் இருந்தன. எனக்கு மனம் அங்கேயே போய்விட்டது. ஆனால் ஏர்பேக் இல்லாத பழைய மாடல். 2016இல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஈக்கோவை மோதிப் பார்த்தபோது ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று சட்டம் வந்ததே 2019 ஜூலையில்தான். "நாயக் காப்பாத்தப் போயி நாம போயிடக் கூடாது" என்றார் வீட்டுக்காரர். அன்று அவர் சொன்னது சரி. விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஒரு பெரிய வண்டி. ஏழு சீட். பளபளவென்று இருந்தது, விலையும் ஆச்சரியமாகக் குறைவு. நான் எங்கே போனாலும் துரையைக் கூட்டிப் போனேன். ஏற மறுத்தால் எந்த வண்டியும் பயனில்லையே. துரை ஏறினான். ஏறியவன் நடுவரிசைக் காலடி மேட்டை முகர்ந்து முகர்ந்து காலால் பிராண்டினான். தம்பி சந்தேகப்பட்டு மேட்டைத் தூக்கினார். அடியில் பஞ்சு ஈரவாடை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு. சீட் தண்டவாளத்தில் துரு. வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. இது அந்த வெள்ளமோ வேறெதுவோ, விற்பவர் வாய் திறக்கவில்லை. துரைதான் கண்டுபிடித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். யாரோ கருவாடு கொண்டுபோன வாசமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அன்று இரவு அவனுக்கு இரண்டு முட்டை கூடுதலாகக் கிடைத்தது.

மூன்றாவது எர்டிகா. 2016 மாடல், இரண்டு ஏர்பேக். ஒரே உரிமையாளர். பேரன் பேத்திகளோடு கோயில் குளம் போய்வந்த வண்டி, எல்லா சர்வீஸ் பில்லும் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். பின்னால் சி.என்.ஜி. சிலிண்டர் கிடையாது. இதைக் கவனியுங்கள். எரிவாயுக் கார் சிக்கனம்தான், ஆனால் பல கார்களில் அந்த உருளை நாயின் இடத்தில்தான் உட்காரும். டேப்பை எடுத்து அளந்தேன். துரை நின்றால் தலை உச்சிக்கு மேல் இரண்டு விரல் இடம். நான்கு பேரும் படுத்துப் பார்த்தார்கள். படுத்தார்கள் என்றால், மூவர் படுத்தார்கள், குட்டி ஸ்டியரிங் மேல் ஏறப் பார்த்தது.

குறை இல்லாமல் இல்லை. ஈக்கோவை விடத் தரை உயரம். பின்பக்கத்துக்கென்று தனி ஏ.சி. துளை இல்லை, நடுவரிசையின் காற்றுதான் போய்ச் சேர வேண்டும். ஆசாரியிடம் சொல்லிப் பலகையில் சாய்வுப் படி ஒன்று செய்து, மேலே தேங்காய் நார் மிதியடி ஒட்டினோம். செவலை இப்போது அதில்தான் ஏறுகிறான். டாக் கார்ட்டின் பின்பலகையை எங்கள் ஊர் ஆசாரி மறுபடி கண்டுபிடித்திருக்கிறார்.

வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள்

1. முதலில் நாயை அளங்கள், பிறகு காரை. நின்ற உயரம், படுத்த நீளம். குட்டி என்றால் வளர்ந்த பிறகு எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள்.

2. சீட் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். சீட் மடித்த பிறகு தரை சமமாக வருகிறதா என்று பாருங்கள். சீட்டை நிரந்தரமாகக் கழற்றினால் ஆர்.சி. விவரத்துக்கும் வண்டிக்கும் பொருந்தாமல் போகும். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள்.

3. பிரேக் அடித்தால் முப்பது கிலோ நாய் நம் முதுகில் வந்து மோதும். நடுவில் கம்பித் தடுப்பு போடுங்கள். கட்டுவதானால் கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், மார்பைச் சுற்றிய பட்டையில் கட்டுங்கள்.

4. காற்றுக்காகப் பின்கதவைத் திறந்துவைத்து ஓட்டாதீர்கள். புகை உள்ளே வரும். ஜன்னலில் தலை நீட்ட விடாதீர்கள். பட் என்ற நாய்க்கு ஏன் கண்ணாடி மாட்டினார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

5. எல்லாவற்றையும் விட முக்கியம்: நிறுத்திய காரில் நாயை விட்டுப் போகாதீர்கள். 'ரெண்டு நிமிஷம்தான், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கு' என்று போகாதீர்கள். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். நம் சித்திரை வெயிலில் மூடிய கார் சில நிமிடத்தில் அடுப்பாகிவிடும். எவ்வளவு பெரிய காராக இருந்தாலும் சரி.

போன வாரம் செவலையைத் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம். மற்ற மூவரும் விடமாட்டோம் என்று கூடவே ஏறிவிட்டார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். வயசுக்கு இது போதும், நடக்க விடுங்கள் என்றார். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். நான்கும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. அன்று எங்கள் ஸ்கூட்டர் நின்ற இடத்தைக் கார் தாண்டியது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார், அவ்வளவுதான்.

கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: "டிக்கி இல்லாததும் நல்லதுக்குத்தாம்மா."

நேற்று அந்த ஆட்டோக்காரத் தம்பி எங்கள் வாசலில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தெருவில் யார் வீட்டு ஆட்டுக்கோ மாட்டுக்கன்றுக்கோ ராத்திரியில் அவசரம் என்றால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். உள்ளூர் நண்பர்களுக்கும் இதுவே செய்தி. மாட்டுக்கன்று ஏறுமா என்று இன்னும் அளந்து பார்க்கவில்லை. பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்